கைக்குப் பிடித்த பேட்

டென்னிஸ் போல ஜோடியாக ஆடும் பிக்கிள்பாலுக்கான பேட் வாகாக இருக்கிறதா என்று அவர் ஓங்கி வீசியதில், அடுக்கி வைத்திருந்த பந்துகள் கடை முழுக்க உருண்டோடின. கடையில் இருந்தவள் குனிவதற்குள் அவரே பாய்ந்து பொறுக்கப் போக, இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன.

"இது அடிச்சு ஆடுறவங்களுக்கு. உங்க ஆட்டம் எப்படி?" என்றாள், நெற்றியைத் தேய்த்தபடி.

"இப்பப் பார்த்தியே, அதேதான். எந்தப் பந்தையும் ஜோடிக்கு விடமாட்டேன். அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டுப் போயே போயிட்டா."

"அப்ப லேசான பேட் எடுங்க. நிதானமா தட்டி ஆடலாம்."

அவர் அதைப் பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினார்.

"இனிமே அவ பக்கம் வர்ற பந்த நான் தொடவே மாட்டேன்மா. இதோட போய் நின்னா திரும்பி வருவாளா?"

"பிடிக்கு மெத்துன்னு டேப் சுத்தித் தரேன்."

"பேச்ச மாத்தாம சொல்லும்மா. அவ வராததுக்குப் பிடியா காரணம்?"

அவள் டேப்பைக் கீழே வைத்தாள்.

"பிடியெல்லாம் சரியாத்தான் இருக்கு, அப்பா. அம்மாவுக்குத்தான் உங்களப் பிடிக்கல."