கோடு எழுந்த படம்

திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு ஓர் அசைவும் இல்லாமல் நேராகப் படுத்துவிட்டது. நாற்காலியில் இருந்தவரின் மனைவி பதறி எழுந்தாள். பேராசிரியரோ கைதட்டினார்.

"உக்காரும்மா. இது இதயக் கோடு இல்ல, ஆசைக் கோடு. படுத்தாத்தான் நமக்கு நல்லது."

அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். பார்வையிட வந்த குழுவினர் ஐவரும், பெயராவது புரிந்த பெருமையில் தலையாட்டினார்கள். பேராசிரியருக்குத் தனிக் கட்டடம் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள் அவர்கள். அதனால் காலையிலிருந்து அவர் கழிப்பறைக்குப் போவதைக்கூட மேடையேறுவது போலத்தான் போய்க்கொண்டிருந்தார்.

நாற்காலியில் இருந்தவர் லாரி ஓட்டுநர். சூதாட்ட வெறியைப் போக்க ஆறு வாரமாக வார்டில் தங்கவைத்து, தினமும் தலைக்கு மேல் ஒரு காந்தச் சுருளைப் பிடித்து, மரங்கொத்தி கொத்துவது போல டக் டக்கென்று தட்டியிருந்தார்கள். சூதாட்டத்தில் அவர் தோற்றவற்றில் மனைவியின் தையல் மெஷினும் ஒன்று. இப்போது அவள் அடுத்தவர் கடையில் அடுத்தவர் மெஷினில் தைக்கிறாள்.

அவள் மடியில் ஒரு படிவம் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் அவர் இன்றே வீட்டுக்கு வரலாம், எட்டு வயது மகள் இருக்கும் வீட்டுக்கு.

"சீட்டுக்கட்டு," என்றார் பேராசிரியர். ஓட்டுநரின் முன்னால் படம் வந்தது, கோடு எழவில்லை. பந்தயக் குதிரை வந்தது. சுழலும் சக்கரம் வந்தது. ஊஹூம்.

"செத்த பாம்பு," என்றார் பேராசிரியர் செல்லமாக.

குழுவில் இருந்த கண்ணாடிக்காரர் கேட்டார். "ஆசையே செத்துட்டா, மனுசன் கல்லு மாதிரி ஆயிட மாட்டாரா?"

"அதுக்குத்தான் இந்த அம்மாகிட்ட அவங்க மகளோட படம் மூணு வாங்கி வச்சிருக்கேன்," என்று சிரித்தார் பேராசிரியர்.

முதல் படத்தில் பள்ளிச் சீருடை, முன்பல் விழுந்த சிரிப்பு. கோடு அசையவில்லை. இரண்டாவது, போன மாதம் எடுத்தது. அதற்கும் அசையவில்லை. பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோடு வரையும் மெஷினைக் கவனித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார்.

"தலையில ஒட்டுன வயர் சரியா இருக்கா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்."

மூன்றாவது படம், ஐந்தாவது பிறந்தநாளில் எடுத்தது. கோடு மலை போல எழுந்து நின்றது.

குழுவினர் கைதட்டினார்கள். "முதல் ரெண்டையும் கணக்குல எடுக்கக் கூடாது. மூளை சூடேற நேரம் ஆகும்," என்றார் பேராசிரியர், அந்த நிமிடத்தில் பிறந்த விஞ்ஞானத்தை. "இது பெத்த பாசம். அதுல மட்டும் நான் கை வைக்கல."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டடம் ஏறக்குறைய எழும்பிவிட்டது.

அவள் கோட்டைப் பார்க்கவில்லை, கணவரின் முகத்தைப் பார்த்தாள். உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று மெல்ல உரசிக்கொண்டிருந்தன.

இந்த முகத்தை முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறாள். அந்தப் பிறந்தநாள் முடிந்த வாரம், மகள் காய்ச்சலில் அசந்து தூங்கிய ஒரு மத்தியானம், அவர் கட்டிலோரம் குனிந்து நின்று இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் பெண்ணுமாக இருக்கட்டும் என்று சத்தம் காட்டாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மூன்று வருடம் ஆகியும் கனவில் அவள் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டேதான் இருக்கிறாள்.

"என்னம்மா யோசனை? கையெழுத்தப் போடுங்க. பொண்ண அப்பாவுக்காக இன்னும் எத்தன நாள் காக்க வைப்பீங்க?" என்றார் பேராசிரியர்.

அவள் படிவத்தை நான்காக மடித்து, பேராசிரியரின் கையிலேயே வைத்தாள்.

"மூணு படத்துலயும் அவதான் இருக்கா டாக்டர். காதுல தங்கத் தோடு இந்த ஒண்ணுலதான் இருக்கு."