வலது வடம்

“அச்சு முறியல, சக்கரம் கோணல, கடையாணியும் கச்சிதமா இருக்கு. தேருல ஒரு கொறையும் இல்ல, சம்மாட்டியாரே!”

தேருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்த தாணுமாலையன் ஆசாரி, தலையில் ஒட்டியிருந்த சிலந்தி வலையைத் தட்டிவிட்டார்.

“கொறை இல்லாமலா வே மூணு வருசமா இடது பக்கமே இழுத்துட்டு வந்து, என் வாசல்ல நிக்கு?” கபிரியேல் தலையில் அடித்துக்கொண்டார்.

கபிரியேல் பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரர்; அதனால் ஊருக்கே சம்மாட்டியார். ஆற்று முகத்துவாரத்தில் இருந்த அந்த ஊரில் அவருக்கு இருந்த ஒரே பகை, மாதா தேர்தான். தேர் தானாக யார் வாசலில் நின்றாலும், அந்த வீட்டில் மாதாவுக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சை பாக்கி என்பது ஊர்ப்பேச்சு. தனக்கு எந்த நேர்ச்சையும் பாக்கி இல்லை என்று அவர் சொன்னால் யார் நம்புகிறார்கள்? கோவிலில் அவர் முழந்தாளிட்டால் போதும், பின்னால் யாராவது இருமினார்கள்.

இந்த வருஷம் விஷயம் இன்னும் பெரிது. தேர் பார்க்க உவரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அன்றைக்கே மகள் கிரேஸிக்கு நிச்சயம். அவர்கள் கண்முன்னால் தேர் வந்து வாசலில் நின்றால், சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்துவிடும். அதனால்தான் ஏரலிலிருந்து ஆசாரியை வரவழைத்திருந்தார்.

“நெசத்தைச் சொல்லும். ஒரு மெழுகுதிரிகூடவா பாக்கி இல்ல?”

“மாதா அறிய இல்ல வே!”

“அதிசயந்தான். கடல்ல போயிட்டு வாற மனுசன் யாருக்குத்தான் நேர்ச்சை பாக்கி இருக்காது?”

ஆசாரி தேர் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். கபிரியேல் அவர் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெற்றிலை மென்று முடிவதற்குள் கிரேஸிக்குத் தலை நரைத்துவிடும் போலிருந்தது.

ஒருவழியாகத் துப்பிவிட்டு ஆசாரி கேட்டார். “வடம் பிடிக்கது யாரு?”

“இடது வடம் பெரியவுக. வலது வடம் எளவட்டங்க.”

“வள்ளத்துல வலது பக்கத் துடுப்பை மட்டும் ஓங்கி வலிச்சா, வள்ளம் எங்கன திரும்பும்?”

“இடது பக்...” கபிரியேல் பாதியில் நிறுத்தினார். பிறந்ததிலிருந்து கடலில் கிடந்த மனிதருக்கு இதை ஓர் ஆசாரி வந்து சொல்ல வேண்டியதாயிற்று.

“அதேதான். எளவட்டத்துல பாதிப் பேரை இடது வடத்துக்கு மாத்தும். தேர் நூல் பிடிச்சாப்புல போவும்.”

மோர்ச் செம்போடு வந்து நின்ற கிரேஸி, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். “பாதிப் பேரு எதுக்குப்பா? முன்னால நிக்க அந்த ஒரு ஆளை மாத்தினாப் போதாதா?”

“எந்த ஆளை?”

“அதான்... கரைவலை இழுக்கையில முதல் ஆளா நிப்பாகளே...”

“யாரு, இன்னாசியா?”

அவள் செம்பைப் பார்த்துத் தலையாட்டினாள்.

“என் மக அறிவைப் பாத்தீரா வே!” கபிரியேல் பூரித்துப்போனார்.

“இன்னொண்ணுப்பா. நம்ம வாசல்ல அன்னைக்கு ஒரே நெரிசலா இருக்கும். வாறவுகளை எதிர்த்த அத்தை வீட்டுல உக்கார வையுங்க. தேரும் நல்லாத் தெரியும்.”

அதுவும் சரியாகவே பட்டது.

திருவிழா அன்று கபிரியேல் இன்னாசியைத் தனியே கூப்பிட்டார். “ஏலே, இந்த வருசம் நீ இடது வடம்.”

“நீங்க சொன்னாச் சரி, சம்மாட்டியாரே.”

அவனிடம் இவ்வளவு பணிவை அவர் அதுவரை கண்டதில்லை.

“மரியே வாழ்க!” என்ற முழக்கத்தோடு தேர் தெருவுக்குள் நுழைந்தது. கபிரியேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் வாசலையே பார்த்தார். நெருங்கியது. இடது பக்கம் திரும்பவில்லை. ஒரு விரற்கடைகூடத் திரும்பவில்லை!

“மாதாவே!” என்று அவர் கைகூப்பிய நேரத்தில்தான் கவனித்தார். இன்னாசி போன இடத்துக்கே அவன் கூட்டாளிகளும் மொத்தமாகப் போயிருந்தார்கள். அங்கே இடமில்லாமல் வலது வடத்துக்கு ஒதுங்கிய பெரியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். தேர் மெல்ல வலது பக்கம் ஒதுங்கி, எதிர் வீட்டு வாசலில், உவரிச் சம்பந்தியின் மூக்குக்கு நேராகப் போய் நின்றது.



சம்பந்தியின் முகம் வெளிறிவிட்டது. “அந்த வெள்ளி வள்ளம்...” என்று முனகினார். புயலில் தோணி தப்பினால் மாதாவுக்கு வெள்ளியில் வள்ளம் செய்து போடுவதாக எப்போதோ நேர்ந்தவர், கரை ஏறியதும் மறந்துவிட்டாராம். “மாதாவே குறுக்க வந்து நிக்கா. இந்தச் சம்பந்தம் வேண்டாம் வே. வண்டியைப் பூட்டச் சொல்லும்!”

பொழுது சாய்வதற்குள் அவர்கள் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டார்கள்.

கபிரியேல் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். கிரேஸி தண்ணீர் கொண்டுவந்து வைத்ததும் வெடித்தார். “எல்லாம் அந்த இன்னாசிப் பயலால வந்த வினை!”

“அந்த ஆளைக் குத்தம் சொல்லாதிங்கப்பா. மாத்தினது நீங்கதானே?”

“அது என்னட்டி, அன்னைக்கும் அந்த ஆளு, இன்னைக்கும் அந்த ஆளு? இன்னாசின்னு பேரைச் சொன்னா வாய் வெந்துருமா?”

கிரேஸி கதவுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டாள்.

“கட்டிக்கிடப் போறவுக பேரை எப்படிப்பா சொல்ல?”