இருபத்தைந்தே பிரதிகள்

"பஸ் ஸ்டாண்டு எதிர்ல இருந்த படத்து மேல சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது நீதானா?"

செருப்பைக்கூட வெளியே விடாமல் உள்ளே வந்து நின்றாள் தைலம்மாள். அண்ணாமலை நகரில் எழிலன் நடத்தும் ஓவியக் கடை அது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும் அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது.

எழிலன், பேராசிரியை மாலதியிடம் கண்ணாடி போட்ட ஒரு படத்தைக் காட்டி விலை சொல்லிக்கொண்டிருந்தான். படத்தில் ஒரு சிறுமியின் முகம். முகவாயில் தழும்பு. ஒரு காதில் தோடு, இன்னொரு காது மூளி. மூலையில் பென்சிலால் 25/25 என்று எழுதி, 2009 என்று வருஷமும் போட்டிருந்தது.

"யாரும்மா நீங்க?"

"காத்தவராயன் பொண்டாட்டி."

எழிலன் சட்டென்று எழுந்தான். "மேடம், இந்தப் படத்த வரைஞ்ச ஆர்ட்டிஸ்டோட சம்சாரம். உக்காருங்கம்மா, டீ சொல்றேன்."

"உன் டீ யாருக்கு வேணும்? மூணு மாசமா மனுசனோட ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்தேன். நேத்து வந்து பாத்தா செவுரெல்லாம் வெள்ளையா கெடக்கு. புவனகிரி பாலத்துக்கிட்ட இருந்தது, கடலூர் முதுநகர்ல இருந்தது, ஒண்ணு விடாம அழிச்சிருக்க. கேட்டா உம்பேரச் சொல்றாங்க."

"நாந்தாம்மா. செவுத்துக்காரங்ககிட்ட பேசி, என் கைக்காசப் போட்டு அடிச்சேன். ரோட்டுல ஓசியில பாக்கறத எவனாவது காசு குடுத்து வாங்குவானா?"

ஏதோ புண்ணிய காரியம் செய்தவன் மாதிரிதான் சொன்னான்.

காத்தவராயன் சிதம்பரத்தில் ரோட்டோரமாகக் கலர் சாக்கில் சாமி படம் வரைந்து, விழுகிற சில்லறையில் பிழைத்தவன். திடீரென்று ஒரு நாள் சாமியை விட்டுவிட்டு, பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு இந்த ஒரே முகத்தைச் சுவர் சுவராக வரைய ஆரம்பித்தான். ஜனங்கள் ஏதோ அம்மன் என்று நினைத்துக் குங்குமம் வைத்தார்கள். அதற்கப்புறம் எவனும் அங்கே ஒன்றுக்குப் போகாததில் சுவர்க்காரர்களுக்குச் சந்தோஷம். மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவனுக்கு வலது கையும் பேச்சும் விழுந்துவிட்டன.

"அவரு இனிமே வரைய முடியாது மேடம், டாக்டரே சொல்லிட்டாரு," என்றான் எழிலன். சோகமாகச் சொல்ல வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. "அதனால மதிப்பு ஏறிக்கிட்டேதான் போவும். செவுத்துப் படத்தப் போட்டோ புடிச்சு மொத்தமே இருபத்தஞ்சு பிரதி அடிச்சேன். மெட்ராஸ், பெங்களூர்னு பெரிய பெரிய வீட்டு ஹால்ல மாட்டியிருக்காங்க. கடைசி இதுதான். பதினஞ்சாயிரம்."

"ஒரு காதுல ஏன் தோடு இல்ல?" என்று கேட்டாள் மாலதி.

"அதுதான் மேடம் தத்துவமே. பொண்ணுங்களுக்குப் பாதி உலகத்த மறுத்துட்டோம்னு சொல்றாரு. பஸ் ஸ்டாண்டு, பாலம், ரயில்வே கேட்டுன்னு எடம் புடிச்சிருக்காரு பாருங்க, வாழ்க்கையே ஒரு பயணம்னு அர்த்தம்."

தைலம்மாள் பல்லைக் கடித்தாள். "இதெல்லாம் அவரு உங்கிட்ட சொன்னாராக்கும்?"

"ஆஸ்பத்திரிக்குப் போயி பாத்தேம்மா, நீங்க கஞ்சி வாங்கப் போயிருந்தீங்க. படத்த அச்சடிக்கப் போறேன்னு சொன்னதும் என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டாரு. காசு குடுத்தேன், தொடல. 'நெறைய, நெறைய'ன்னு குழறிக்கிட்டே கைநாட்டு வச்சாரு. பாவம், அவருக்கு மார்க்கெட்டு தெரியாது. நெறைய அடிச்சா மதிப்பு என்னாவறது? பேப்பர்காரங்ககூட போடறோம்னு கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன். ஊரே பாத்துட்டா அப்புறம் எவன் வாங்குவான்?"

"எதுல வச்சு அச்சடிச்ச? அத எடு."

"ஸ்கிரீன் துணியா? எதுக்கு?"

"எடுன்றேன்ல."

"அது இல்லம்மா. வாங்குனவங்க கண்ணு முன்னாடியே பிளேடால கிழிச்சு, புடிச்ச போட்டோவையும் அழிச்சுட்டேன். இந்தத் தொழில்ல அப்பிடித்தான். ஒரு ஜெராக்ஸ்கூட எடுக்க மாட்டோம்னு அவுங்ககிட்டயும் எழுதி வாங்கியிருக்கேன்."

தைலம்மாள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அடப்பாவி, இப்பிடியா பண்ணுவ?"

எழிலன் மேசை டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினான். "உங்க வயித்தெரிச்சல் புரியுதும்மா. இத வச்சிக்குங்க."

அவள் தட்டிவிட்ட வேகத்தில் கவர் சுவரில் போய் மோதி விழுந்தது. மாலதிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, மரியாதையாதான பேசறாரு? காசும் வேணாங்கற. பின்ன என்னதான் வேணும் உனக்கு?"

தைலம்மாள் கண்ணாடிக்குள் இருந்த முகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"ஆனித் தேரு கூட்டத்துல என் கைய விட்டுட்டுக் காணாமப் போன எம் பொண்ணு இது. ஒரு தோட முந்தின நாளுதான் தொலைச்சுட்டு எங்கிட்ட அடி வாங்குனா. வீட்டுல ஒரு போட்டோ கெடையாது, எங்களுக்கு எழுதப் படிக்க வராது. யாராவது அடையாளம் பாத்துச் சொல்ல மாட்டாங்களான்னுதான், பஸ்ஸு நிக்கிற எடமா பாத்து வரைஞ்சிட்டு, பக்கத்து டீக்கடையில எல்லாம் சொல்லி வச்சாரு அந்த மனுசன்." எழிலன் பக்கம் திரும்பினாள். "ஊரெல்லாம் ஒட்டத்தான்டா உன்ன நெறைய அடிக்கச் சொன்னாரு. இருபத்தஞ்சோட நிறுத்தச் சொன்னது யாரு?"