மாமனார் வாங்கிய மானிட்டர்

“வாங்கும்போதே நல்லா பார்த்து வாங்க வேணாமா? வெளியில மட்டும் பளபளப்பு, உள்ள ஒண்ணுமில்ல!” மணிவேல் பொரிந்து தள்ளினான். மேசைமேல் இருந்த புத்தம்புது மானிட்டர் இருட்டாகவே கிடந்தது.

வாங்கி வந்தவர் அவன் மாமனார் சின்னதுரை. எறையூரில் கரும்பு வெட்டைப் பாதியில் விட்டுவிட்டு, பெரம்பலூர் கடைக்குப் போய், பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு அரும்பாவூர் வந்து இறங்கியிருந்தார். பாவம், கொடுத்த காபிகூட அவருக்கு உள்ளே இறங்கவில்லை.

“கடைக்காரன் போட்டுக் காட்டினான் மாப்ள. படம் ஜோரா தெரிஞ்சுது.”

“அவன் கடையில தெரியும். நம்ம வூட்டுல தெரியணுமே!”

கோபத்துக்குக் காரணம் இருந்தது. பதினோரு மணிக்கு, இரண்டு திரையும் ஓடுவதை மேனேஜருக்கு வீடியோவில் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் வீட்டிலிருந்து வேலை கிடையாது, திங்கட்கிழமையே சென்னை ஆபீசுக்குக் கிளம்ப வேண்டியதுதான். தலை தீபாவளிகூட இன்னும் வரவில்லை. அதற்குள் புது மனைவி மலர்கொடியை விட்டுவிட்டு மேன்ஷன் அறையில் கொசுக்கடியில் கிடக்க அவன் தயாராக இல்லை.

அதனால்தான் நேற்று ஆயுத பூஜையில் லேப்டாப்பை வேறு யாரையும் தொட விடவில்லை. தானே எடுத்து வைத்து, நாலு பக்கமும் தானே அலங்காரம் செய்து, “இந்த ஒரு தடவை காப்பாத்து தாயே” என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தான். இன்று காலை அதைத் துடைத்து எடுத்ததும் அவனேதான்.

இப்போது இடது பக்கத்து சி டைப் ஓட்டையில் கேபிளைச் சொருகினான். பாதிதான் போனது. திருப்பிச் சொருகினான். அப்போதும் பாதிதான்.

“கேபிளும் டூப்ளிகேட்! கடைக்காரன் உங்கப்பா தலையில நல்லா கட்டிட்டான்.”

“எங்கப்பாவை ஏன் இழுக்குறீங்க?” மலர்கொடிக்குச் சுருக்கென்றது.

“பின்ன? இது என்ன கரும்பா, கட்டோட தூக்கிட்டு வர்றதுக்கு?”

சின்னதுரை துண்டை உதறித் தோளில் போட்டார். “விடும்மா. நானே போயி மாத்திக்கிட்டு வந்துடுறேன்.”

மணி பத்தே முக்கால். அவர் பெரம்பலூர் போய்த் திரும்புவதற்குள் மேனேஜர் சென்னையில் இவனுக்கு நாற்காலியே போட்டுவிடுவார்.

மலர்கொடிக்குப் பொறுக்கவில்லை. லேப்டாப்பை அணைத்தாள். தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் விட்டு மெல்ல நெம்பினாள். மஞ்சளாக ஏதோ பொடிப் பொடியாக அவள் உள்ளங்கையில் உதிர்ந்தது.

“பார்த்தியா, துரு! கேபிள்ல இருந்த துருவெல்லாம் உள்ள போயிருக்கு!” என்று மணிவேல் குதித்தான்.

அவள் லேப்டாப்பைப் போட்டு, அதே கேபிளைச் சொருகினாள். டக்கென்று முழுசாக உட்கார்ந்தது. மானிட்டர் பளிச்சென்று எரிந்தது. “அப்பாடா!” என்று சின்னதுரை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மணிவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது, வாய்தான் அடங்கவில்லை. “அந்தத் துருவை அப்படியே மடிச்சுக் குடு. கடைக்காரன் மூஞ்சியில வீசிட்டு வரேன்!”

மலர்கொடி உள்ளங்கையை மோந்து பார்த்தாள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அவன் நெற்றியில் பட்டையாக ஓர் இழுப்பு இழுத்தாள்.

“துருவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நேத்து பூஜையில நீங்க வெச்ச சந்தனம்!”