கிறிஸ்தோப்பர் சொன்ன பெறுபேறு

"கிறிஸ்தோப்பரிட்ட மட்டும் கேட்டுப்போடாதையும். அவன் எரிச்சல் பிடிச்சவன்" என்றார் அருமைராசா.

அவர் மனைவி ஜெயமதிக்கும் கேட்க விருப்பமில்லைத்தான். ஆனால் வேறு ஆள் இல்லையே.

மொன்றியல் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கிறவளுக்கு, முப்பத்தெட்டு வயதில் தாதியாகும் ஆசை வந்துவிட்டது. அரசாங்கக் கல்லூரி. கட்டணம் பெயருக்குத்தான். மூன்று வருடம் முடித்தால் பல்கலைக்கழகத்துக்கும் மாறலாமாம். இப்படியும் ஒரு நாடா என்று அவளுக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை.

சிக்கல் ஒன்றுதான். ஊரில் உயர்தரம் விஞ்ஞானம் படித்ததற்கு அத்தாட்சி வேண்டும். சான்றிதழ் இருந்த கல்லடி வீட்டை இரண்டு மாதத்துக்கு முன் சுனாமி கொண்டுபோய்விட்டது. கொழும்பிலிருந்து பிரதி வர ஆறு மாதம். விண்ணப்பம் முடிவதோ மார்ச் முதலாம் திகதி.

கூடப் படித்த ஒருவர் வந்து சத்தியக் கடதாசி தந்தால் இப்போதைக்கு ஏற்கலாம் என்று கல்லூரி அலுவலர் அம்மா மனமிரங்கினார்.

அந்த வகுப்பில் படித்து மொன்றியலில் இருப்பவர் கிறிஸ்தோப்பர் ஒருவர்தான். துறைமுகத்தில் லொறி ஓடுகிறார். வகுப்பில் ஜெயமதி முதலாம் பிள்ளை, அவர் இரண்டாம் பிள்ளை. அந்தப் பொறாமை இன்னும் போகவில்லை என்று ஊர்க்காரர் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். மெட்ரோவில் ஜெயமதியைக் கண்டால் அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிற மனிதரைப் பற்றி வேறென்னதான் நினைப்பது?

போனில் கேட்டதும் "வாறன்" என்றார். வேறு ஒரு சொல் இல்லை.

"குழப்பத்தான் வாறான்" என்று அருமைராசா கல்லூரி வாசல்வரை முணுமுணுத்தார்.

அலுவலர், ஜெயமதி தன் பரீட்சைப் பெறுபேற்றை எழுதிக் கொடுத்த தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிறிஸ்தோப்பரிடம் விசாரித்தார். அவர் யோசிக்கவே இல்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு. விலங்கியல் ஏ, தாவரவியல் ஏ, இரசாயனம் பி, பௌதிகம் சி. ஜெயமதிக்கே மறந்துபோய் அவள் வெறுமையாக விட்டிருந்த பரீட்சைச் சுட்டெண்ணையும் கடகடவென்று சொன்னார்.

தாளைத் திருப்பிப் பார்த்தார் அலுவலர். அவள் எழுதியிருந்ததில் ஒன்றும் பிசகவில்லை. சுட்டெண்ணும் அதுவேதான் என்று ஜெயமதிக்கு அப்போது ஞாபகம் வந்தது.

முத்திரை குத்திக்கொண்டே அலுவலர் ஒரு பேச்சுக்குக் கேட்டார், உங்களுக்கு அந்தச் சோதனையில் என்ன கிடைத்தது என்று.

கிறிஸ்தோப்பர் அப்போதுதான் யோசித்தார். பாவம், நெடுநேரம் யோசித்தார்.

"என்ரயோ? அது ஞாபகமில்லை, மடாம்."