தலைகீழ்ப் பெயர்

கணினிக்குள் புரதங்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. நோயாளியின் ரத்தத்திலுள்ள புரதங்களை ஒரு கருவி துகள்களாக உடைத்து எடை போடும். எடைக்குப் பொருந்தும் பெயரைக் கணினி கூப்பிடும்.

ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அதையே தலைகீழாக எழுதிய பொய்ப்பெயர் ஒன்று நின்றது. அப்படி ஒரு புரதம் எந்த உடம்பிலும் கிடையாது.

ஒரு நாள் கணினி பொய்ப்பெயர் ஒன்றைக் கூப்பிட்டது. "இருக்கேன்" என்றது அது.

முன்னால் நின்றது புற்றுநோய்ப் புரதத்தின் பெயர். அது சிரித்தது. "பிறக்கவே பிறக்காத நீ எங்கே இருக்கே?"

"எங்கேயும் இல்லை. தப்பு எவ்வளவுன்னு பார்க்கத்தான் என்னை நிறுத்தியிருக்காங்க. என்னைக் கூப்பிட்டா, உங்க வரிசையிலயும் ஒருத்தரைத் தப்பாக் கூப்பிட்டிருக்காங்கன்னு கணக்கு."

"யாரை?"

"அதுதான் தெரியாது."

சிரிப்பு நின்றது. காலையில் பூங்கோதை என்ற பெண்ணின் ரத்தத்துக்குத் தன்னைக் கூப்பிட்டதும், "இருக்கேன்" என்று தான் சொன்னதும் அதற்கு நினைவிருந்தது. தான் அந்த ரத்தத்துக்குள் இருந்ததாக மட்டும் நினைவில்லை.