ஒரு சொல்லுக்கு ஓடும் சோடி

நறுவிலிக்குளத்து மாட்டுவண்டிச் சவாரித் திடலில் வெயில் சாய்ந்தும் புழுதி அடங்கவில்லை. கால் முறிந்து பிளாஸ்டர் போட்டிருக்கும் நேசன், முடிவுக் கோட்டருகே உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் இருக்கிறான். ஆறு வருசமாக அவன் ஓட்டிய மாட்டுச் சோடியை இன்று மச்சான் லக்சன் ஓட்டுகிறான். நேசன் ஒருநாளும் கம்பு தொட்டதில்லை. "வாடா ராசா" என்றால் போதும், இரண்டும் பறக்கும். "வாயைத் திறந்திடாதேங்கோ. உங்கட குரல் கேட்டா மாடு இஞ்சாலதான் திரும்பும்," என்கிறாள் மனைவி துசாந்தினி. "ஓம்" என்றுவிட்டுத் தோளில் கிடந்த துவாயைப் பல்லுக்குள் கடித்துக்கொள்கிறான். அவனுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே, ஒற்றைக் கயிற்றை ஒட்டி, பிள்ளைகளைத் தோளில் வைத்தபடி சனம் நெருக்கி நிற்கிறது. கொடி விழுகிறது. லக்சன் கம்பை ஓங்கி ஓங்கி அடிக்கிறான். அடிக்க அடிக்க மாடுகள் தலையை உதறுகின்றன. பக்கத்து வண்டி சில்லோடு சில்லு உரசுமளவுக்கு வந்துவிட்டது. துசாந்தினி சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள். ஈரத் துவாய் நேசனின் மடியில் கிடக்கிறது. "வாடா ராசா!" வலத்து மாட்டின் காதுகள் முதலில் நிமிர்கின்றன. பிறகு கொம்பு திரும்புகிறது, பிறகு நுகம். கயிற்றோரம் நிற்கும் சனம் இன்னும் கைதட்டிக்கொண்டிருக்கிறது.